சங்கத்துக்கு ஒரு கணனி: மலிவு எது, நட்டம் எது?

எமது கிராமங்களில் இயங்கும் மாதர் சங்கங்களும் சிக்கன கடனுதவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இன்று கணனி வாங்குவது பற்றிப் பேசுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. வரவு செலவுக் கணக்கு, அங்கத்தவர் பட்டியல், திட்ட அறிக்கை, பிரதேச செயலகத்துக்கான கடிதம் ஆகிய வேலைகளை அது இலகுவாக்கும். அதிலும் சிறிய மடிக்கணனியே எமக்குப் பொருத்தமானது. கூட்டம் நடக்கும் இடத்துக்குக் கையோடு கொண்டு செல்லலாம். மின்சாரம் நின்றாலும் பற்றரியில் இயங்கும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பல சங்கங்கள் தவறு விடுகின்றன. கையிலுள்ள பணத்துக்குப் புதிய பெட்டியில் எது கிடைக்கிறதோ அதையே வாங்கிவிடுகின்றன. நாம் அறிந்த மாதர் சங்கமொன்றும் அப்படித்தான் வாங்கியது. பார்வைக்கு அழகு, பாரமும் குறைவு, விலையும் குறைவு. அதன் நினைவகம் 4 கிகாபைற்; சேமிப்பகம் 64 கிகாபைற். ஒரு வருடத்துக்குள் விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்க இடமின்றித் தடுமாறியது. ஒரு கடிதத்தைத் திறக்கவும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டுமே உள்ளே பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றிப் பெரியதாக மாற்ற முடியாது என்று திருத்துநர் கைவிரித்தார். இன்று அது அலுமாரிக்குள் இருக்கிறது; கணக்கு மீண்டும் கொப்பியில் எழுதப்படுகிறது. வாராவாரம் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் தேவையென மைக்ரோசொப்ட் நிறுவனம் கூறும் அளவுகளே 4 கிகாபைற்றும் 64 கிகாபைற்றும். ஆனால் குறைந்தபட்ச அளவு இயங்குவதற்குப் போதும், நாளாந்த வேலைக்குப் போதாது. 8 கிகாபைற் நினைவகமும், சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையில் 256 கிகாபைற் சேமிப்பகமும் இல்லாத கணனியைச் சங்கப் பணத்தில் வாங்கக் கூடாது என்பது எமது கருத்து.

அதற்குப் பணம் போதாதே என்று கேட்கலாம். போதாதென்றால் புதியதை விட்டுப் பாவித்ததை வாங்குவோம். அலுவலகப் பாவனைக்கென உறுதியாகச் செய்யப்பட்ட திங்க்பாட், லற்றிடியூட், எலைட்புக் போன்ற கணனிகள் சில வருடப் பாவனைக்குப் பின் விற்பனைக்கு வருகின்றன. இவற்றுள் பல மாதிரிகளில் நினைவகம், சேமிப்பகம், பற்றரி ஆகியவற்றை மாற்றலாம். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கும் கமக்காரர், உதிரிப்பாகம் ஊரில் கிடைக்குமா என்றே முதலில் கேட்பார். கணனிக்கும் அதே கேள்வியைக் கேட்போம்.

பாவித்ததை வாங்கும்போது விழிப்பும் வேண்டும். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இற்கு, இன்டெல் வகையாயின், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி தேவை. ஐ5-8250 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னுள்ள 8 தலைமுறையைக் குறிக்கும். ஐ5-6300 ஆறாம் தலைமுறை. "பரவாயில்லை, விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால் ஏமாற வேண்டாம். அத்தகைய பழைய கணனியில் இலவசமான லினக்ஸையும் லிப்ரே ஒபிஸையும் நிறுவிக்கொள்வதே நேர்மையான வழி. அதிலும் தமிழில் எழுதலாம்.

கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் இயக்கிப் பாருங்கள். எல்லா எழுத்துச் சாவிகளையும் அழுத்திப் பாருங்கள். திரையை மூடித் திறந்து பிணைச்சலைக் கவனியுங்கள். பற்றரி தளர்ந்திருந்தால் புதியதன் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள கடையே நல்ல கடை.

இன்னுமொன்று. இருக்கும் பணம் முழுவதையும் கணனிக்கே கொடுத்துவிட வேண்டாம். கணக்கின் பிரதியைப் பாதுகாக்க ஒரு வெளிச் சேமிப்பகமும், அங்கத்தவர் இருவருக்காவது பயிற்சியும் தேவை. செயலாளரின் மகனுக்கு மட்டுமே தெரிந்த கணனி, அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் பூட்டிய பெட்டியாகிவிடும்.

செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். பலருடைய சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகிகள், கடைக்குப் போகுமுன் ஒரு மாலை கூடியிருந்து, செய்ய வேண்டிய வேலைகளையும் கையிலுள்ள பணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும். அந்தத் தாளோடு கடைக்குப் போகிறவர்களைப் பெட்டியின் பளபளப்பு ஏமாற்றாது.