சொல் போனது, காலனி இருக்கிறது

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். சேலம், நாமக்கல் பக்கக் காலனிகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். "காலனி ஸ்டாப்பா?" என்று நடத்துநர் இழுத்துக் கேட்கும் தொனியை அறிந்தவர்களுக்கு இந்த மகிழ்ச்சி புரியும். ஆனால் இந்த மாநிலத்தை மாறி மாறி ஆண்ட எல்லோரிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சொல்லை எடுத்துவிடலாம். சென்னையின் தெற்கு ஓரத்தில் 25 ஆண்டுகளாக நீங்களே கட்டி எழுப்பிய காலனியை என்ன செய்யப்போகிறீர்கள்?

கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் வங்கக் கடல். இந்தத் தாழ்நிலத்தில்தான் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டிய பல வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களில் இருந்தவர்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். அலையோடு பிழைத்தவர்களைக் கடலிலிருந்து பிரித்துச் சாலையோரத்தில் இறக்கிவிட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றங்கரை மக்களின் முறை. அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்கள், 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். லிப்ட் நின்ற நாளில் ஏழாம் மாடிக்குத் தண்ணீர்க் குடம் எப்படிப் போகும் என்று அங்கே போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் இடம் மாற்றினோம் என்கிறார்கள். மாற்றிய இடம் எது? தென்சென்னையின் மழைநீர் வடியும் சதுப்பின் விளிம்பு. செம்மஞ்சேரி 2015இலும் மூழ்கியது, 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. ஆற்றங்கரைக் குடிசை 'ஆக்கிரமிப்பு' ஆகிவிட்டது. அதே ஆற்றங்கரையிலும் அதே சதுப்பிலும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் 'வளர்ச்சி' ஆகிவிட்டன. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. நல்லது, சதுப்பைக் காக்க வேண்டும்தான். நாளைக்கு அந்தச் சதுப்பின் பெயரைச் சொல்லியும் முதலில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

இது எங்களுக்குப் புதிய காட்சி அல்ல. ராசிபுரம் பக்கமோ ஓமலூர் பக்கமோ எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். ஊர்த் தெரு மேட்டில் இருக்கும். காலனியோ அருந்ததியர் தெருவோ ஏரிக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாத புறம்போக்கில் இருக்கும். வேலைக்கு ஊருக்குள் போக வேண்டும், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டிலிருந்து தப்பித்துத்தான் நம் தாத்தா பாட்டிமார் பட்டணம் போனார்கள். பட்டணத்தின் சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் குடிசை போட்டார்கள். பட்டணம் இப்போது தன் ஊரையும் சேரியையும் 25 கிலோமீட்டர் இடைவெளியில் பிரித்து வைத்திருக்கிறது. சென்ட்ரல் அருகே சத்தியவாணி முத்து நகரை 2019 டிசம்பர் இறுதியில் பெரும்பாக்கத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். கல்வியாண்டின் நட்ட நடுவில். மத்திய அமைச்சராக இருந்த ஒரு தலித் பெண் தலைவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்புக்கே அதுதான் மரியாதை.

முகவரி என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போனான். கூட வேலை பார்க்கும் பையன் விண்ணப்பத்தில் 'கண்ணகி நகர்' என்று எழுதாமல் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதியதைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனும் 'காலனி'யை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் எழுதித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தான். காவல்துறை, வங்கி, ஆட்டோக்காரர், வாடகைக்கு வீடு விடுபவர் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டி 'கலை மாவட்டம்' என்றார்கள். ஓவியங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி தங்கம் வென்று வந்த கார்த்திகா, தன்னைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று தலைநிமிர்ந்து சொன்னாரே, அது செய்த வேலையில் பாதியைக்கூட அந்தப் பெயிண்ட் செய்யவில்லை.

"அம்பேத்கரே தனிக்குடியிருப்பு கேட்டவர்தானே?" என்று சில புத்திசாலிகள் நம்மிடம் கேட்பார்கள். கேட்டார். 1942 நாகபுரி மாநாட்டில் அதற்குத் தீர்மானமே போட்டார்கள். ஆனால் அது சாதி இந்துக்களின் பிடியிலிருந்து விடுபட, உழுவதற்கு அரசு நிலத்தோடு கேட்ட குடியிருப்பு. மக்கள் தாங்களே கேட்டது. இங்கே நிலம் இல்லை, வேலை இல்லை, பக்கத்தில் பள்ளி இல்லை, விருப்பம் கேட்கப்படவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களுக்கு வரலாறும் தெரியாது, வெட்கமும் கிடையாது.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக்கொடுப்பதுதான் கொள்கையாக இருந்தது. அப்படிக் கட்டியும் காட்டினார்கள். பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது, கொள்கை இறங்கியது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றுவதில் நம் ஆட்சியாளர்களை யாரும் மிஞ்ச முடியாது.

கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவில் ஒரு கதை இருக்கிறது. வடக்கு ஜகார்த்தாவில் பழைய துறைமுகத்தை ஒட்டியது கம்புங் அக்குவாரியம் என்ற குடியிருப்பு. 2016 ஏப்ரலில் அதை இடித்துத் தள்ளி, மக்களைத் தொலைதூர அடுக்குமாடிகளுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் போகவில்லை. இடிபாடுகளின் மேலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2017 ஆளுநர் தேர்தலில் போட்டியிட்டவரிடம் வாக்குறுதியை எழுத்தாக வாங்கினார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2021இல் அதே இடத்தில் அவர்களுக்கு அடுக்குமாடி எழுந்தது. நிலம் இன்னும் அரசின் பெயரில்தான், பிரச்சினைகளும் தீரவில்லை. ஆனாலும் அலை அடிக்கும் அதே மண்ணில் இருக்கிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எதற்குப் பேசுகிறோம் என்றால், நம் ஊருக்குள்ளேயும் திருமணிமுத்தாறு ஓடுகிறது. கூவத்தைப் போலவே அதையும் சாக்கடையாக்கியது அதன் கரையில் குடிசை போட்டவர்கள் அல்ல. ஆற்றை அழகுபடுத்தும் திட்டம் எப்போது வந்தாலும் முதலில் கணக்கெடுக்க வருவது குடிசைகளைத்தான். அவர்கள் வருவதற்கு முன்பு நம் கணக்கு தயாராக இருக்க வேண்டும். கரையோரத்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் என்ன முகவரி, வேலைக்கு எவ்வளவு தூரம், பிள்ளைகள் எந்தப் பள்ளி, அருகில் எந்தப் புறம்போக்கு நிலம் காலியாகக் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெருத் தெருவாகப் போகிறோம். சமூகவியல், சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் கல்லூரிக்கு ஒப்படைக்கும் களஆய்வு அறிக்கையின் ஒரு நகலை அந்தக் குடும்பங்களின் கையிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.