சீனாவுக்குப் போகும் பிள்ளைகள் முதலில் மொழியைப் படிக்கட்டும்

சீனாவில் படிப்பு என்றாலே நம் ஊரில் மருத்துவப் படிப்புதான் நினைவுக்கு வரும். கரோனாவுக்கு முன் அங்கே சேர்ந்திருந்த 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களில் பெரும்பாலானோர் எம்.பி.பி.எஸ். படிக்கப் போனவர்கள். 2020-இல் ஊர் திரும்பியவர்கள் 2022 ஆகஸ்ட் வரை விசா கிடைக்காமல் தவித்தார்கள். இப்போது நேரடி விமானங்கள் மறுபடியும் பறக்கின்றன. ஏஜெண்டுகள் வேறொரு படிப்போடு வருகிறார்கள்: ஷாங்காயிலோ பெய்ஜிங்கிலோ ஒரு செமஸ்டர், கொஞ்சம் சீன மொழி, கொஞ்சம் வணிகப் பாடம், கடைசியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். திருப்பூர், கோவைப் பக்கம் பி.காம்., பி.பி.ஏ., ஃபேஷன் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மொழியை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்திருக்கும் படிப்புக்கு அனுப்ப வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஷாங்காய் டோங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சீன மொழி படித்தவள். 1951-இல் ஜவுளிக் கல்லூரியாகத் தொடங்கி, 1999 வரை சீன ஜவுளிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்த இடம் அது. காலை முழுக்க மொழி வகுப்பு; பிற்பகலில் ஆங்கிலத்தில் வணிகப் பாடங்கள். பிறகு ஷாவோசிங் நகரத்தின் கெச்சியாவ் பகுதியில், துணி வாங்கித் தரும் ஒரு ஏஜென்சியில் இன்டர்ன். இன்று திருப்பூரில் ஒரு பையிங் ஹவுஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்.

கெச்சியாவ் சந்தையைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துணிக்கென்றே இருக்கும் உலகின் மிகப் பெரிய சந்தைகளில் அது ஒன்று. இந்திய வியாபாரிகள் வருடக்கணக்காகத் தங்கித் தொழில் செய்கிறார்கள். தெருவில் இந்திய உணவகங்கள் உண்டு. அங்கே பின்னல் துணியைக் கிலோ கணக்கில் விற்பார்கள். பில்லில் போடும் எடையும் உள்ளே இருக்கும் துணியின் எடையும் ஒன்றாக இருக்காது. அட்டைக் குழாய், பிளாஸ்டிக் உறை என்று ரோலுக்கு இவ்வளவு கழிவு வைப்பது சந்தை வழக்கம். அந்தக் கழிவு எவ்வளவு என்பதைப் பேசி முடிக்க வேண்டும். இரண்டு கடைகள் கிலோவுக்கு ஒரே விலை சொல்லும். கழிவைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று மலிவு, இன்னொன்று நஷ்டம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. உள்ளூர் வியாபாரிகள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் விலைக்கே வருவார்கள். கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டி, ஆங்கிலத்தில் பேரம் பேசுகிறவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

சாயத்திலும் இதே கதைதான். லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். லேப் டிப்பில் (சிறு சாய மாதிரியில்) ஓகே ஆன நிறம் பல்க்கில் (மொத்தமாகச் சாயமேற்றும்போது) வேறாக வந்து நிற்கும். அப்போது சாயப்பட்டறை மேனேஜரிடம் நேராகப் பேசத் தெரிந்தவர் அன்றைக்கே வழி கண்டுபிடிப்பார். பேச்செல்லாம் வீசாட்டில், அதுவும் குரல் செய்தியாகத்தான் வரும். அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் ‘ஷ’வை ‘ஸ’ என்று உச்சரிப்பதால் சீனத்தில் நான்கும் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும்; நான்கு நாளில் துணி வரும் என்றாரா, பத்து நாளில் என்றாரா என்று குழப்பம் வரும். நேரில் என்றால் இரு சுட்டு விரல்களையும் குறுக்கே வைத்துப் பத்து என்று காட்டிவிடுவார்கள். போனில் அதற்கும் வழியில்லை. என் பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒவ்வொரு செய்தியையும் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்து, எண்ணை எழுதச் சொல்லி, எழுதியதையே திருப்பி அனுப்பி உறுதி செய்யச் சொன்னார். வகுப்பில் படித்த மொழி அந்த மேசையில்தான் எனக்குத் தொழிலாயிற்று.

வணிகப் பாடங்களுக்கும் மதிப்பு உண்டு. மொழி தெரிந்தவருக்கு அந்த மதிப்பு இரண்டு மடங்கு. சீன நிறுவனம் ஒன்றின் ஆங்கிலப் பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை. பதிவான சீனப் பெயரும் 18 இலக்கக் குறியீட்டு எண்ணும்தான் அதன் அடையாளம். அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் அது உற்பத்தியாளரா, வெறும் தரகரா, எப்போது தொடங்கியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்தை விட வட்டமான சிவப்பு முத்திரைக்குத்தான் எடை அதிகம். இதையெல்லாம் விருப்பப் பாடத்தில் ஆங்கிலத்திலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தத் தளம் இருப்பது சீனத்தில், முத்திரையில் இருப்பதும் சீன எழுத்து. படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண் மட்டும் மிஞ்சும்.

சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யில், பழைய ஆறு நிலை முறைப்படி நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள். ஒன்றும் தெரியாமல் போகிற மாணவர் ஒரு வருடம் ஒழுங்காக உழைத்தால் அதை எட்டிவிடலாம். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு இன்டர்ன்ஷிப் போவதில் பயனில்லை என்பது என் கருத்து. மொழி தெரியாத இன்டர்ன்களைச் சாம்பிள்களைப் போட்டோ எடுக்கவும், கண்காட்சி ஸ்டாலில் வெளிநாட்டு முகமாக நிற்கவும் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. 180 நாளுக்கு மேல் படிப்பவர்களுக்கு எக்ஸ்-1 விசா. அவர்கள் சீனா போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு போலீஸ் துறையின் குடிவரவு அலுவலகத்தில் அந்த அனுமதியிலேயே குறிப்புப் போட்டு வாங்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது எக்ஸ்-2 விசா. அதில் வசிப்பிட அனுமதியே கிடையாது. பிறகு எதில் குறிப்புப் போடுவார்கள்? “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். தீவிரமான குற்றமென்றால் 15 நாள் வரை காவலும் உண்டு. மாட்டிக்கொண்டு நிற்கப்போவது இருபது வயதுப் பிள்ளைதான்.

சீனத் துணி இறக்குமதியைக் குறைக்க வேண்டிய நேரத்தில் சீன மொழி எதற்கு என்று தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். 2024-இல் சில வகைச் செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நம் அரசு விதித்தது உண்மை. ஆனால் அந்தத் துணியை இங்கேயே பின்னி, சாயமேற்ற வேண்டுமானால் சீனர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் குறுக்கு வழி. இறக்குமதி செய்த இயந்திரம் பழுதானால் பேச வேண்டியதும் அவர்களோடுதான். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்கலாம் என்று பெயர் சொன்ன அயல்மொழிகளின் பட்டியலில் சீனத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் எல்லைத் தகராறு இருக்கும் நாட்டின் மொழி தெரிந்தவர்கள் நமக்குக் கூடுதலாகத்தான் வேண்டும். சீனர்களைப் பாருங்கள்: பெய்ஜிங்கிலிருந்து 1963 முதல் தமிழில் வானொலி ஒலிபரப்புகிறார்கள். அதற்காகத் தமிழ் கற்ற சீனர்கள் தமிழ்ப் பெயரே சூட்டிக்கொண்டு செந்தமிழில் பேசுகிறார்கள். 1962-இல் போர் நடந்த மறு வருடம் தொடங்கிய வேலை அது.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு, எந்த வகை விசா, இன்டர்ன்ஷிப் அனுமதிக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் யார் தருவார்கள், எந்தக் கம்பெனியில் என்ன வேலை. நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராதவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.