40,000 ரூபாய் மியூசிக் பிளேயர்: உங்க காது வரைக்கும் வந்து சேர்ற காசு எவ்வளவு?

சமீபமா எனக்கு வர்ற கேள்விகள்ல ஒரு புது வகை சேர்ந்திருக்கு. "சார், கைக்கு வர்ற சம்பளம் 38,000. ஒரு ஹை-ரெஸ் மியூசிக் பிளேயர் 40,000-க்கு வருது. 6 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. போன்ல கேட்கிறதை விட சவுண்டு வேற லெவல்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன்: பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். ஆனா "அந்தக் காசை எஸ்ஐபி-ல போட்டா 25 வருஷத்துல எவ்வளவு ஆகும் தெரியுமா"ன்னு ஆரம்பிக்கிற ஆள் நான் இல்லை. தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்ஸுலயும் ரயில்லயும் போறவருக்குப் பாட்டு சோறு மாதிரி. அதுக்குச் செலவு பண்றதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது. சவுண்டு குவாலிட்டிக்குன்னு நீங்க கொடுக்கிற காசு சவுண்டுக்குத்தான் போகுதாங்கறதுதான் என் சந்தேகம்.

ஒரே ஒரு கேள்வி. நீங்க கேட்கிறது ப்ளூடூத் இயர்பட்ஸ்லயா? ஆமான்னா பேச்சு இங்கேயே முடிஞ்சது. மியூசிக் பிளேயர்ல காசு கொடுத்து வாங்கற முக்கியமான சரக்கு ரெண்டு: டிஜிட்டல் எண்களை மின் அலையா மாத்தற டிஏசி சிப், அதைப் பெருக்கற ஆம்ப்ளிஃபையர். ப்ளூடூத்ல போகும்போது இந்த ரெண்டுமே வேலை செய்யறதில்லை. பாட்டு டிஜிட்டலாவே காத்துல போய், இயர்பட்ஸுக்குள்ள இருக்கிற குட்டி டிஏசி-லதான் சத்தமா மாறுது. எல்டிஏசி மாதிரி நல்ல கோடெக் வேணும்னா அது பல ஆண்ட்ராய்டு போன்லயே இருக்கு. 40,000 கொடுத்து வாங்கின சிப்பை பாக்கெட்டுல தூங்க வெச்சிட்டுப் போறீங்க, அவ்வளவுதான்.

வயர் போட்டுக் கேட்கிறவங்க மட்டும் மேல படிங்க.

"24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்"னு பெட்டி மேல பெருசா போட்டிருப்பாங்க. சிடி-யோட அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதுலயே 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலி அடங்கிடும். மனுஷக் காதோட உச்சம் சுமார் 20, வயசு ஏற ஏற அதுவும் குறையும். 2007-ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஹை-ரெஸ் டிஸ்குகளை அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவைன்னு ஆட்களுக்குத் தெரியாம மாத்தி மாத்திப் போட்டாங்க. 554 முயற்சியில சரியாச் சொன்னது 276. காசு சுண்டிப் போட்டாலும் அதேதான் வரும். அந்தச் சோதனையில குறை சொன்னவங்களும் உண்டு. அதனால எதிர்த்தரப்பையும் சொல்லிடறேன்: 2016-ல லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்துல இருந்து ஜோஷுவா ரெய்ஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். வித்தியாசம் தெரியுதுன்னுதான் முடிவு. எவ்வளவு? 52.3 சதவீதம். பயிற்சி எடுத்த காதுகளுக்கு இதை விடக் கூட. அந்த 2.3 சதவீதத்துக்குத்தான் உங்க ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகமா கேட்கிறாங்க.

அப்போ கடையில போட்டுக் கேட்டப்போ நிஜமாவே நல்லா இருந்துச்சேன்னு கேட்பீங்க. இருந்திருக்கும். தனி பிளேயர்ல பொதுவா போனை விட சத்தம் அதிகமா வரும். ஒரு டெசிபல் வித்தியாசத்தை நம்ம மூளை "சத்தம் கூட"ன்னு எடுத்துக்காது. "தெளிவா இருக்கு, பேஸ் நல்லா இருக்கு"ன்னு எடுத்துக்கும். கடைக்காரருக்கு இது தெரியும். அதுக்கு மேல கையில இருக்கிற எடை வேற. சோனி விற்கற ஒரு வாக்மேனுக்கு தங்க முலாம் பூசின செம்பு உடம்பு. அதைக் கையில வெச்சுக்கிட்டு "சுமாரா இருக்கு"ன்னு யாராவது சொல்வாங்களா?

இதுக்கு வைத்தியம் இருக்கு, செலவு கிடையாது. பிளேயர் வெச்சிருக்கிற நண்பரைப் பிடிங்க. ரெண்டுலயும் ஒரே ஃபைல், ஒரே இயர்போன். ஈக்வலைசர் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. சத்தத்தைச் சமமாக்குங்க. மல்டிமீட்டர் இருந்தா 60 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ரெண்டுலயும் ஏசி வோல்டேஜ் முடிஞ்ச வரைக்கும் ஒண்ணா வர்ற மாதிரி வைக்கலாம். கண்ணைக் கட்டிக்கோங்க. நண்பர் காசு சுண்டி, பூவா தலையான்னு பார்த்து மாத்தட்டும். 16 தடவை. 12 அல்லது அதுக்கு மேல சரியா சொன்னீங்கன்னா உங்களுக்கு வித்தியாசம் கேட்குதுன்னு நான் ஒத்துக்கறேன்; குருட்டாம்போக்குல அது நடக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கம்மி. ஆடிட்ல சாம்பிள் எடுத்துப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். கம்பெனி சொன்னதை அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அது ஆடிட் இல்லை.

வித்தியாசமே கிடையாதுன்னு நான் சொல்லலை. உண்மையா கேட்கிற இடங்கள் இருக்கு. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன் வெச்சிருந்தா சில போன், டாங்கிளுக்குத் திணறும். பல டிரைவர் உள்ள சில இன்-இயர் மாடல்கள்ல, பிளேயரோட அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமா இருந்தா பேஸும் ட்ரெபிளும் ஏறி இறங்கும். ரொம்ப சென்சிட்டிவான இயர்போன்ல மட்டமான சோர்ஸ் போட்டா பாட்டு நிக்கிற இடைவெளியில 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வரும். வேடிக்கை என்னன்னா, பின்னாடி சொன்ன ரெண்டுமே விலை அதிகமான பிளேயர்லயும் வரலாம். விலை இதுக்கு உத்தரவாதம் இல்லை.

இந்த மூணும் உங்களுக்கு இல்லைன்னா, ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்துல கிடைக்கிற ஆப்பிளோட சின்ன டைப்-சி டாங்கிளே போதும். சில ஆண்ட்ராய்டு போன்ல அதுக்குச் சத்தம் கம்மியா வரும், வாங்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல போட்டுப் பாருங்க. மிச்சக் காசுல ஒரு பங்கை நல்ல வயர் இயர்போன்ல போடுங்க. ஒரு இயர்போனுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டினாலும் தெரியும். காதுல சரியா உட்கார்ற ரப்பர் டிப் மாத்தினாலே பேஸ் மாறும்; அதுக்கு இஎம்ஐ தேவையில்லை.

இஎம்ஐ-ன்னதும் அதையும் பார்த்துடலாம். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நடக்கிறது என்னன்னா, வட்டி அளவுக்கு விற்பவர் தள்ளுபடி கொடுப்பார், பேங்க் அதே வட்டியை உங்ககிட்ட வாங்கும். 15 சதவீத வட்டின்னு வெச்சா 40,000-க்கு 6 மாச வட்டி சுமார் 1,690 ரூபாய். அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 305, இதை யாரும் தள்ளுபடி பண்றதில்லை. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக, "நோ காஸ்ட்"டோட காஸ்ட் 540 ரூபாய். முழுப் பணம் கட்டினா கிடைச்சிருக்கிற தள்ளுபடி போனது தனி.

540 ரூபாய் பெரிய விஷயம் இல்லைதான். மாசம் 6,667 பெருசு. கைக்கு வர்ற 38,000-ல ஆறுல ஒரு பங்குக்கும் மேல, ஆறு மாசம். நடுவுல அம்மாவுக்கு ஒரு ஸ்கேன், ஊருக்குப் போக ஒரு அவசர டிக்கெட்னா அது கார்டுல ஏறும். மினிமம் டியூ மட்டும் கட்டுவீங்க. அங்க வட்டி வருஷத்துக்கு 36 சதவீதத்தைத் தாண்டறது சாதாரணம். கார்டு கடன்ல மாட்டினவங்க நிறைய பேரோட கதை இப்படி ஒரு சின்ன பொருள்லதான் தொடங்குது.

இவ்வளவுக்கு அப்புறமும், 16-க்கு 12 எடுத்துட்டு, அவசர நிதியைத் தொடாம, முழுப் பணத்தையும் சேர்த்து வெச்சிருக்கேன்னு சொல்றவரா நீங்க? தாராளமா வாங்குங்க. பேட்டரியை மாத்த முடியுமா, அதுக்கு சர்வீஸ் இந்தியாவுல உண்டான்னு மட்டும் பில் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. மத்தவங்க இந்த வாரக் கடைசியில டெஸ்ட்டை நடத்திட்டு ஸ்கோரை கமெண்ட்ல போடுங்க. பிராண்டு பேர் வேண்டாம், 16-க்கு எத்தனைன்னு மட்டும்.