கடைமடைக்கு வராத தண்ணீர்

போன வருஷம் செலியமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த தங்கைக்குப் பையன் பிறந்தான். மூன்று கிலோ, என் மூக்கு. குறை ஒன்றுதான். இரண்டு நாளாகியும் பயல் வெளிக்குப் போகவில்லை. வயிறு மத்தளம்.

அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்தாள். "உன் மாமனும் இப்படித்தான்டா" என்று என் மானத்தையும் வாங்கினாள். கொஞ்சம் போனது. மறுநாள் மறுபடி உப்பல், பச்சையாக வாந்தி. டவுனுக்கு ஓடினோம்.

"குடலோட கடைசி நாலு விரல் நீளத்துக்கு நரம்பு செல்லே இல்லை" என்றார் டாக்டர்.

குடலுக்கு எதற்கு சார் நரம்பு? பி.காம். படித்தவன் அப்படித்தான் கேட்பான். பத்து கோடிக்கு மேல் இருக்கிறதாம். மூளையைக் கேட்காமலே சாப்பாட்டைக் கீழே தள்ளும். (எங்கள் ஆபீஸில் அப்படி ஓர் ஆள் கிடையாது.)

இந்த செல்கள் குடலில் பிறப்பதில்லை. கருவின் கழுத்துப் பக்கம் கிளம்பி, குடலுக்குள் புகுந்து, பெருகிக்கொண்டே பின்பக்கம் நடக்கின்றன. மனுஷக் கருவில் நாலாம் வாரம் புறப்பட்டு ஏழாம் வாரம் கடைசிக்குச் சேர வேண்டும்.

தாய் வயிற்றுக்குள் இதை எட்டிப் பார்க்க முடியாது. மீனில் முடியும். தொட்டிக் கடையில் விற்கிற வரிபோட்ட ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன்தான். 1822-ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்கள் பற்றிய புத்தகத்தில் எழுதியது. அதன் கரு கண்ணாடி மாதிரி. குடலின் இரு பக்கமும் செல்கள் இரண்டு வரிசையாக ஊர்வலம் போவது மைக்ராஸ்கோப்பில் தெரியும். மூன்றே நாளில் கடைசி வரை. ஐந்தாம் நாள் குஞ்சு இரை தேடுகிறது. 'ரெட்' என்கிற ஜீனை முழுதாகக் கெடுத்தால் குடலில் நரம்பே இல்லை. அதே ஜீனில் கோளாறு இருப்பதை 1994-ல் இந்த நோய் வந்த மனிதர்களிடமும் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் ஊர் விவசாயிக்கு மீன்கூட வேண்டாம். ஏரி நிறைந்திருக்கும், மதகு திறந்திருக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வராது. அவ்வளவுதான். நரம்பு வராத துண்டு சுருங்கியே கிடக்கும். அதற்கு மேலே எல்லாம் தேங்கும்.

1886-ல் டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் இந்த நோயை விவரித்தார். ரொம்ப காலம் உப்பிய பகுதியைத்தான் சந்தேகப்பட்டார்கள். குற்றவாளி கீழே சத்தமில்லாமல் சுருங்கிக் கிடந்தவன். (ஆபீஸிலும் அப்படித்தான்.) 1948-ல் ஆர்வர் ஸ்வென்சன் அந்தத் துண்டை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் ஆபரேஷனை வெளியிட்டார்.

ஐயாயிரம் குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. இளம் அப்பாக்களே, கறுப்பாகப் போகும் முதல் மலம் ஒரு நாளைக்குள் வராவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். வெற்றிலைக் காம்பு அப்போதைக்குத் திறக்கும், நோயை மறைத்துவிடும்.

மருமகனுக்கு ஆபரேஷன் முடிந்தது. இப்போது தினமும் இரண்டு தடவை. தங்கை போனில் சொல்ல, நான் ஆபீஸ் முழுக்கச் சொல்கிறேன்.

"சந்தோஷம்ப்பா. டிபன் நேரத்துல மட்டும் வேணாம்" என்கிறார் மேனேஜர்.