வெற்றிடம் என்று சொன்னவர் யார்?

ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் நம் பள்ளிகளில் ஆசிரியர் பணிக்கு நேர்காணல்கள் நடைபெறுகின்றன. மேசையின் ஒருபுறம் தாளாளரும் தலைமையாசிரியரும். மறுபுறம் நாற்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. முதுகலைப் பட்டம் இருக்கிறது. கல்வியியல் பட்டம் இருக்கிறது. முன்பு 6 ஆண்டுகள் பாடம் நடத்தியதற்கான அனுபவச் சான்றிதழும் இருக்கிறது. தாள்களைப் புரட்டிக்கொண்டே போகும் விரல் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. "இந்த 11 ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?"

கேள்வியில் பிழையில்லை, கேட்கும் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு குழந்தைகளை வளர்த்தேன், பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை அவர் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டேன் என்று அப்பெண்மணி விடை சொன்னால், "வீட்டில் சும்மா இருந்திருக்கிறார்" என்று அது மேசைக்கு அப்பால் சுருங்கிவிடுகிறது. பிறகு, நேற்றுப் பட்டம் பெற்று வந்த இளம்பெண்ணுக்குரிய தொடக்கத் தொகுப்பூதியத்தையே அவருக்கும் சொல்கிறார்கள். வேறு சில இடங்களில் இந்த உரையாடலுக்கும் தேவை நேர்வதில்லை. விளம்பரத்திலேயே வயது வரம்பை அச்சிட்டுவிடுவதால் அவர் படியேற வேண்டியதே இல்லை.

இதை அநீதி என்றே நாம் சொல்கிறோம். உலகத்தார் நடத்தும் நிறுவனங்களில் நடந்தாலும் இது அநீதிதான். திருச்சபையின் பெயர் தாங்கிய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நடக்கும்போது இதற்கு இன்னொரு பெயரும் சேர்ந்துகொள்கிறது. அப்பெயரைச் சொல்லுமுன், 'சும்மா' என்ற சொல்லைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

நடுவண் அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் ஒரு பெண் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்; ஓர் ஆண் 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஞாயிறும் திருவிழாவும் இல்லாத வேலை இது. சொல்லப்போனால், திருவிழா நாளில்தான் அடுப்படியில் கூடுதல் வேலை.

இத்தகைய உழைப்புக்கு விலைமதிப்பே கிடையாது என்று மேடைகளில் உருகுவோர் உண்டு. நீதிமன்றங்கள் உருகவில்லை, கணக்குப் போட்டன. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவின்போது தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதன் இழப்பீட்டு வழக்கில் 2001-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 34 முதல் 59 வயதுவரையிலான இல்லத்தரசிகள் குடும்பத்துக்கு ஆற்றிய பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010-இல் ஒரு விபத்து வழக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போரோடும் சிறைக் கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதோர்' என்ற ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பதை அதே நீதிமன்றம் கண்டித்தது. 2021-இலும், சம்பளம் பெறாத இல்லத்தரசிக்கு ஒரு வருமானத்தைக் கணித்தே இழப்பீடு தரவேண்டும் என்பதை அது உறுதிப்படுத்தியது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட சொத்திலும், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் காத்து நின்ற மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றது. அதே 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடவில்லை. 'உரிமைத் தொகை' என்றது. தொகை சிறிதுதான், ஆயினும் சொல் சரியான சொல்.

நிலைமை எவ்வளவு விபரீதமானது என்று பாருங்கள். ஓர் இல்லத்தரசி சாலை விபத்தில் மாண்டுபோனால், அவர் வீட்டிலிருந்து செய்த பணிக்கு இன்ன மதிப்பு என்று சட்டம் எழுந்து நின்று சொல்கிறது. அதே பெண்மணி உயிரோடு, கையில் சான்றிதழ்களோடு, நம் தாளாளர் முன் வந்து அமர்ந்தால் அந்தப் பணியின் மதிப்பு சுழியமாகிவிடுகிறது!

இனி நம் நிறுவனங்களுக்கு வருவோம். தாய்மையைப் பற்றி நம் பீடங்களிலிருந்து முழங்கும் மறையுரைகளுக்குக் குறைவில்லை. குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்கிறோம். பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்காத பெற்றோரைக் கடிந்துகொள்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலின் 19-ஆம் பகுதி, பிள்ளைகளைப் பேணுவதற்குத் தன் நேரத்தைத் தரும் தாய் அதன் காரணமாக வேறுபாட்டுக்கோ மற்றப் பெண்களை ஒப்பிட இழப்புக்கோ ஆளாகலாகாது என்ற கருத்தை வலியுறுத்துகிறது. ஞாயிறன்று அந்தப் பேச்சைக் கேட்டு, அதன்படியே வேலையை விட்டு, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுத் திரும்பும் பெண்ணைத் திங்களன்று அலுவலக அறையில் தண்டிப்பது எந்த நியாயம்? இதற்கு நற்செய்தியிலேயே ஒரு பெயர் இருக்கிறது: வெளிவேடம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படித் திருப்பி அனுப்பப்படும் பெண்களில் பலர், அந்த இடைப்பட்ட காலமெல்லாம் தம் பங்கில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர்கள். புது நன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் பிள்ளைகளை ஆயத்தம் செய்தவர்கள். அன்பியக் கூட்டங்களை நடத்தியவர்கள். ஊதியம் கேளாமல் கற்பித்தபோது அவர்கள் நல்ல ஆசிரியைகள். ஊதியம் கேட்டு வந்தால் அனுபவமற்றவர்களா? உயர்கல்விக்காக நான்கைந்து ஆண்டுகள் வகுப்பறையை விட்டு விலகியிருந்து திரும்பும் அருட்தந்தையிடமோ அருட்சகோதரியிடமோ இடைவெளியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. மேற்படிப்பும் பிள்ளை வளர்ப்பும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல என்று ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதில் தூக்கம் குறைவு.

நிர்வாகத்தார் ஒரு நியாயம் சொல்வர்: பாடத்திட்டம் மாறிவிட்டது, இவர்களுக்குப் புதியது தெரியாது என்று. மாறியது உண்மைதான். 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தது. 2018-இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. மேல்நிலைத் தேர்வின் 1,200 மதிப்பெண் 600 ஆயிற்று. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்து, 2025-இல் போயும் விட்டது. ஒவ்வொரு முறையும் பணியிலிருந்த ஆசிரியர்களும் புதிதாகத்தானே கற்றுக்கொண்டனர்? அவர்களுக்குச் சில நாள் பயிற்சி போதுமானதாக இருந்தது. பின்னங்களைக் குழந்தைக்குப் புரியவைக்கும் கலை பாடநூலின் அட்டையோடு மாறுவதில்லை. அரசே இதை உணர்ந்திருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் பெற்ற தேர்ச்சி முதலில் 7 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்றிருந்தது. 2021-இல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று மாற்றப்பட்டது, 2011-இலிருந்து தேர்ச்சி பெற்றவர்களுக்கும் சேர்த்து. தகுதி வீட்டுப் பேழையில் இருந்து கெட்டுப்போவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"மீண்டும் பாதியில் விட்டுப் போய்விடுவார்" என்பது அடுத்த நியாயம். பிள்ளைகள் வளர்ந்த பின் வருகிறவரா பாதியில் போவார்? உண்மைக் காரணம் வேறு, அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்தால் ஊதியம் கூடும். ஆகவே அனுபவம் இல்லையென்று எழுதிக்கொண்டு, வகுப்பறையில் மட்டும் அந்த அனுபவத்தை முழுமையாக வாங்கிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு குறைந்த பாடத்துக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். ஊதியப் பட்டியலில் அவர் புதியவர். இது கூலியைப் பிடித்துவைப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உரிமையாளர் மாலை ஐந்து மணிக்குச் சந்தைவெளிக்குப் போகிறார். வேலையின்றி நிற்பவர்களை ஏன் நிற்கிறீர்கள் என்று அவரும் கேட்கத்தான் செய்கிறார். எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர் அந்த விடையை நம்புகிறார்; குறுக்கு விசாரணை செய்யாமல் தோட்டத்துக்கு அனுப்புகிறார்; கூலியிலும் குறைக்கவில்லை. இவ்வுவமையை விண்ணரசைப் பற்றியதென்று மட்டும் விளக்கி, நம் பள்ளி அலுவலகத்தின் வாயிலிலேயே அதை நிறுத்திவிடுகிறோம்.

உலகத்தார் நமக்கு முன்னே போய்விட்டனர் என்பதுதான் வெட்கம். குடும்பப் பொறுப்பால் ஆய்வைக் கைவிட்ட பெண் அறிவியலாளர் திரும்பி வர நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இலேயே தனித் திட்டம் வகுத்தது. டாட்டா குழுமம் 2008-இல் இத்தகைய பெண்களை அழைத்து 'இரண்டாம் பணிவாழ்வு' என்ற நோக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. இலாபம் தேடும் வணிகருக்குப் புலப்பட்டது நமக்குப் புலப்படவில்லையா?

ஆண்களுக்கும் இந்தத் துன்பம் உண்டு. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவர், படுத்த படுக்கையான தந்தையைக் கவனிக்க வேலையை விட்ட ஒரே மகன் என்று நம் பங்குகளிலேயே காட்டலாம். அவர்கள்மீது ஐயம் இன்னும் கூடுதலாக விழுகிறது. அது தனியே எழுதத்தக்கது.

பழியை நிர்வாகத்தின்மீது மட்டும் போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவும் கூடாது. மனைவி மீண்டும் வேலைக்குப் போகட்டும் என்று பெருந்தன்மையாக இசைவு தரும் கணவர்களில் எத்தனை பேர் அந்த 88 நிமிடங்களைக் கூட்டிக்கொள்ள இசைந்திருக்கிறார்கள்? வீட்டு வேலை முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு பள்ளி வேலையையும் தலையில் ஏற்றினால், ஆறு மாதத்தில் அவர் விலகல் கடிதம் கொடுப்பார். "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று நிர்வாகமும் தலையசைக்கும்.

நம் மறைமாவட்ட நிறுவனங்களிடம் நாம் கேட்பது சலுகையன்று. விளம்பரங்களிலிருந்து அந்த வயது வரம்பை நீக்குங்கள். முன் அனுபவத்தை ஊதியத்தில் சேருங்கள். கோடை விடுமுறையிலேயே புதிய பாடநூல்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். மூத்த ஆசிரியர்கள் மகிழ்ந்து நடத்துவார்கள். திரும்பி வரும் செவிலியருக்கும் நம் மருத்துவமனைகளில் இவ்வாறே மூத்தவர் ஒருவருடன் சில வாரங்கள் பணியாற்ற வழி செய்யலாம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் பங்குப்பேரவை ஒருமுறையேனும் கூடும். பொதுநிலையினராகிய நாம் அங்கே எழுந்து கேட்கலாம்: சென்ற ஆண்டு நம் பள்ளிக்கு இடைவெளிக்குப் பின் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்? பணியில் அமர்த்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் எவருக்கேனும் பழைய அனுபவம் ஊதியத்தில் கணக்கிடப்பட்டதா? விடையை எழுத்தில் தரும்படியும் கேட்போம்.