போத்தனூருக்கு ஒரு மேப் ரவுண்டு!

போத்தனூர்னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? ‘கோவை தாண்டினதும் வர்ற ஸ்டேஷன்’. அவ்வளவுதானே? பழைய ரயில்வே மேப் ஒண்ணை எடுத்துப் பாருங்க. கதையே தலைகீழ்!

1862-ல சென்னையிலிருந்து கோழிக்கோடு பக்கத்துல இருக்கிற பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை முடிஞ்சது. மேற்கு மலையைத் தாண்ட வசதியான வழி பாலக்காட்டுக் கணவாய். அதைப் பார்த்து நேரா ஓடின பாதையில இடம் பிடிச்சது போத்தனூர். கோவை ஓரமா நின்னு வேடிக்கை பார்த்துச்சு! 1873-ல போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட கிளைப் பாதையிலதான் கோவை வருது. நம்பலையா? இருகூரிலிருந்து கோவையைத் தொடாம போத்தனூருக்குப் போற பழைய பாதை இன்னைக்கும் இருக்கு. 1915-ல பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்ததும், ஊர் இன்னும் பெரிய ஜங்ஷன்.

பழைய மேப்புக்கு எங்கே போறது? 1950-கள்ல அமெரிக்க ராணுவம் தயாரிச்ச இந்திய மேப்புகள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்துல இலவசமா கிடைக்குது. அதுல 1 செ.மீ. நிஜத்துல 2.5 கி.மீ. பிரிண்ட் எடுத்து, இன்றைய மேப் பக்கத்துல வைங்க. முதல்ல தண்டவாளம், அப்புறம் குறிச்சி குளம். மாறாத அடையாளம் ரெண்டு சிக்கிட்டா, மாறினதெல்லாம் தானா கண்ணுல படும்.

ஆனா, மேப் சொல்லாத கதையும் உண்டு. அதே மேப்புல திரூர்–போத்தனூர் பாதை ஒரு சின்னக் கோடு. 1921 நவம்பர்ல, மாப்பிளா கிளர்ச்சியில கைதான சுமார் 100 பேரை திரூர்ல ஒரு மூடின சரக்கு வேகன்ல அடைச்சு, இந்தக் கோட்டு வழியாத்தான் அனுப்பினாங்க. போத்தனூர்ல கதவைத் திறந்தப்ப உள்ளே பிணங்கள். காத்தில்லாம மூச்சு முட்டிச் செத்தவங்க 60 பேருக்கும் மேல. திரூர்ல அவங்க நினைவா ஒரு டவுன் ஹால் இருக்கு. போத்தனூர் பிளாட்பாரத்துல தினமும் பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு நிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதனால, இந்த ஞாயித்துக்கிழமை மேப்போட ஒரு பென்சிலும் எடுத்துக்கோங்க. டீக்கடையில ரிட்டயர்டான ரயில்வே பெரியவர் யாராவது உட்கார்ந்திருப்பார். “ஏனுங்க ஐயா, அந்தக் காலத்துல இங்க என்னங்க இருந்துச்சு?”ன்னு கேளுங்க. அவர் சொல்றதை மேப் ஓரத்துலயே எழுதிடுங்க. தண்டவாளம் அங்கேயே இருக்கும். பெரியவர் எப்பவும் இருக்க மாட்டார்.

கிளம்பியாச்சா?