ஒரு முறை சொன்னால் போதாதா?

"பக்கத்தில் பெட்ரோல் பங்க் எங்கே?" என்று செல்போனில் கேட்கிறோம். பதில் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடும். "நான் போகிற வழியெல்லாம் பக்கத்து பங்க்கைக் காட்டிக் கொண்டே வா" என்று கேட்டால்? கேள்வி ஒன்றுதான்; நாம் நகர நகர பதில் மாறும். இதனைத் தொடர் கேள்வி எனலாம்.

இதற்காகப் பல புரோகிராம்கள் நாம் இருக்கும் இடத்தை சர்வருக்கு அனுப்பிக் கொண்டே இருக்கின்றன. இது அவசியம்தானா?

நேரான சாலையில் 4 கி.மீ. இடைவெளியில் இரண்டு பங்க்குகள். முதல் பங்க்கிலிருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்பினால், நடுப்புள்ளியை அடைய 3 நிமிடம் ஆகும். 5 விநாடிக்கு ஒரு முறை தகவல் போனால், அதற்குள் 36 தகவல்கள் போயிருக்கும். ஆனால் அதுவரை பதில் மாறவே இல்லை!

இதற்கு நல்ல மாற்று வழி உண்டு. சர்வர் பதிலுடன் எல்லையையும் சொல்லிவிடலாம்: "நடுப்புள்ளியைத் தாண்டும் வரை இதே பதில்தான்." எல்லையைத் தாண்டும்போது மட்டும் போன் மீண்டும் கேட்டால் போதும். ஜி.பி.எஸ். ரிசீவர் சாட்டிலைட் சிக்னலைப் பெறுமே தவிர, எதையும் திருப்பி அனுப்பாது. எனவே எல்லையைத் தாண்டினோமா என்பதை போனே கவனித்துக் கொள்ளும்.

வரும் கால் டாக்ஸியை மேப்பில் பார்க்க வேண்டுமானால், அந்த வண்டி தன் இடத்தைச் சொல்லிக் கொண்டே வரத்தான் வேண்டும். ஆனால் டார்ச் லைட் புரோகிராமுக்கு நம் இடம் எதற்கு?

சேர்த்து வைத்த தகவல் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். உடற்பயிற்சி செய்பவர்கள் ஓடிய பாதைகளைத் தொகுத்து, ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் ஓர் உலக மேப் வெளியிட்டது. அதில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் ராணுவ முகாம்கள் இருக்கும் இடங்கள் அதில் பளிச்செனத் தெரிவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள்.

எனவே புதிதாக போன் வாங்கியவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸ் சென்று லொகேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். "எப்போதும்" என்ற அனுமதி எந்தெந்த புரோகிராம்களுக்கு உள்ளது? தக்க காரணம் இல்லாதவற்றை "பயன்படுத்தும்போது மட்டும்" என மாற்றுங்கள். ஆண்ட்ராய்ட் 10 (2019) முதல் இந்த வசதி உள்ளது, ஐபோனிலும் உண்டு. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பும்போது 15 நிமிடம் போதுமென்றால், 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேட்பது நாம், எவ்வளவு சொல்வது என்பதையும் நாமே முடிவு செய்வோம்.